துணிக்கு ஒன்றும் ஆகவில்லை

— நீ ஏன் மாப்ள நின்னுக்கிட்டே இருக்கற? அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. கை வெந்தது எனக்கு. மூஞ்சி வெந்தாப்புல நிக்கறது நீ.

— உக்காரறேங்க மாமா. டாக்டரு என்னங்க சொன்னாரு?

— என்னத்தைச் சொல்றாரு. பெருவெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும் தப்பிச்சுக்கும்கறாரு. மத்ததைப் பொறுத்துத்தான் பாக்கோணுமாம். சேலம் ஆஸ்பத்திரிக்கு மேல வேற ஆஸ்பத்திரி இல்லை, இங்கயே கெடன்னுட்டாரு.

— வலி எப்பிடிங்க இருக்குது?

— மொத நாளு உசுரு போயி உசுரு வந்துச்சு. இப்ப ஊசி போட்டுப்போடறாங்களா, வலி எங்கியோ பக்கத்து ஊட்டுல இருக்கறாப்புல இருக்குது. கத்தறது கேக்குது, ஆளைக் காணோம். நீ சாப்புட்டயா?

— ஆச்சுங்க.

— புளுகு. மெட்ராசுல ரயிலேறுனவன் பச்சத்தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்ட. உன்ர மூஞ்சியே சொல்லுது. உங்கக்கா கஞ்சி வாங்கியாரப் போயிருக்கறா. வந்ததும் எனக்கு முன்னால நீ ரெண்டு வாய் குடி.

— மாமா, எப்பிடி ஆச்சுன்னு உங்க வாயாலயே எனக்குக் கேக்கோணும். தந்தியில கை வெந்துபோச்சு, உடனே வான்னு மட்டுந்தான் இருந்துச்சு. நான் வேற என்னென்னமோ நெனச்சுக்கிட்டு வந்தேன்.

— என்ன நெனச்ச?

— கையுறைய மறந்து ஊட்டுல வெச்சுட்டுப் போயிருப்பீங்கன்னு. சாமி சத்தியமா அப்பிடித்தான் இருக்கோணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன்.

— மறக்கறதா? குளிக்கப் போறப்பக்கூட அதைத் தாழ்வாரத்துல கண்ணுல படறாப்புல தொங்க உட்டுட்டுப் போறவன் நானு. சூளையில அத்தனை பேருகிட்டயும் எங்க மாப்ள செஞ்சது, எங்க மாப்ள செஞ்சதுன்னு சொல்லிச் சொல்லியே என்னையக் கண்டா அவனுக ஓடறானுக.

— சரி, சொல்லுங்க.

— சூளைக்கு அடிவாயில கல்லு சிக்கிக்கிச்சு மாப்ள. வெந்த வெள்ளைக்கல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குது. கடப்பாறைய உட்டு நெம்பினேன். நெம்ப நெம்பக் கடப்பாறை சூடேறும், அது எப்பவும் இருக்கறதுதான். சாக்குக் கையுறைக் காலத்துல என்ன பண்ணுவோம்? சாக்கு புகையும். கருகுன வாசம் மூக்குல ஏறும். ஏறுனதும் கடப்பாறைய அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்து தொட்டித் தண்ணியில கைய முக்குவோம்.

— இந்தக் கையுறை?

— இது புகையலயே.

— உள்ள சுடலைங்களா?

— சுட்டுச்சு. சுடாம இருக்குமா? ஆனாக்க நான் துணியப் பாத்தேன். நெறங்கூட மாறலை. அந்த வெளுத்த மஞ்சளு அப்பிடியே இருக்குது. துணியே சும்மா இருக்குது, நாம என்னத்துக்குக் கத்தறதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னொரு நெம்பு நெம்புனேன். கல்லு எறங்கிருச்சு தெரியுமா!

— மாமா...

— அப்பறம் உடோணும்னு நெனச்சப்ப வெரலு விரிய மாட்டேன்னுருச்சு. நாச்சிமுத்துதான் ஓடியாந்து கடப்பாறையத் தட்டி உட்டுக் கையுறையை உருவுனான். அவன் என்ர காதுகிட்ட வந்து சொல்றான், அண்ணா, துணிக்கு ஒண்ணுமே ஆவலைங்கண்ணா, தொவைச்சு வெச்சாப்புல இருக்குதுங்கண்ணான்னு.

— அதைப் போயிப் பெருமையாச் சொல்றீங்களே.

— பின்ன? தீயில போட்டாலும் வேகாதுன்னு நீ சொன்ன. வேகலை. நீ சொன்னது நெசந்தான?

— துணிதானுங்க வேகலை.

— அட உடு மாப்ள.

— உடறதுக்கு என்னங்க இருக்குது? நான் என்ன பண்ணுனேன்னு உங்களுக்குச் சொல்லட்டுங்களா? நைலான் சீலை தீப்பட்டா ஏன் உருகி ஒட்டிக்குதுன்னா, அதுக்குள்ள இருக்கறதெல்லாம் நீள நீளமான சங்கிலிங்க. கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. தொளதொளன்னு இருக்கறதால சூடு பட்டா நெளிஞ்சு கலைஞ்சு போயிரும். நான் அந்தச் சங்கிலிக்கு நடுவால வெறைப்பான வளையத்தை வரிசையாக் கோத்தேன். ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியைப் புடிச்சுக்கிட்டு நெளிய உடாது. கோத்தது ஒண்ணு கரையாது, கரைஞ்சது நூலா வராது, நூலா வந்தது ஒடிஞ்சு போவும். வருசக்கணக்கா அதே நெனப்புங்க. தூக்கத்துல வளையம் வரைவேன்.

— தெரியுமே. பெத்த பையனைப் பத்திப் பேசறாப்புல அதைப் பத்தியே பேசுவயே.

— கடைசியில துணியாகி வந்ததும் உலைக்குள்ள தொங்க உட்டேன். சூட்டை ஏத்துனேன். மறுக்கா ஏத்துனேன். துணி அசையலை. டெல்லியில இருந்து பாக்க வந்த ஆபீசருங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க மாமா.

— அதுக்குத்தான உங்கக்கா அன்னிக்குப் பருப்பும் வெல்லமும் வெச்சு ஒப்பிட்டு சுட்டா.

— உலைக்குள்ள துணியைத்தான் தொங்க உட்டேன். அதுக்குள்ள கை இல்லீங்க மாமா. எந்தச் சூட்டுல துணி அழியும்னு கேட்டேன். அதையே வேற வேற மாதிரி நூறு தடவை கேட்டேன். துணிக்கு அந்தப் பக்கம் எவ்வளவு சூடு போவுதுன்னு ஒருக்காக்கூடக் கேக்கலை. கேட்டிருந்தா ஒரு நாள் வேலைங்க அது. ஒரே நாள்.

— உள்ளுக்குக் கம்பளி வெச்சுத்தான குடுத்த நீ? வேண்டாம்னது ஆரு? நானு. கம்பளியோட போட்டா கை உலக்கை மாதிரி ஆயிருது, கடப்பாறைப் பிடி நிக்க மாட்டேங்குது, அவுத்துப்போடுன்னு நாந்தான கேட்டேன்.

— பழைய கையுறைக்கு உள்துணி இருந்துச்சுன்னு இதுக்கும் வெச்சேன். எதுக்கு வெச்சோம்னு நானே ரோசிச்சிருந்தா, நீங்க கேட்டதும் அவுக்க உட்டிருப்பனா? நீங்க கேட்டது தப்பில்லீங்க. தலையாட்டுனவன் படிச்சவன்.

— சரி, இப்ப அதையெல்லாம் பேசி என் கை வளரப்போவுதா? ஊருல மழை உண்டா சொல்லு.

— ஊருக்கு எங்கங்க போனேன், ஸ்டேஷன்ல இருந்து நேரா இங்கதான் வாரேன். மாமா, மத்தியானம் கம்பெனியில இருந்து லேபர் ஆபீசர் வாராருன்னு நர்சம்மா சொல்லுச்சு. விசாரணைக்கு.

— அக்காங், ஆமா மாப்ள. வீரபாகுன்னு ஒருத்தரு. ஆத்தூர்ப் பக்கத்து ஆளு. நல்ல மனுசன்தான். நேத்தே வந்து எட்டிப் பாத்தாரு. நான் சொல்லிப்போட்டேன்.

— என்னன்னு சொன்னீங்க?

— கையுறை போடலைன்னு.

— ஏனுங்க மாமா!

— மெதுவாப் பேசு, பக்கத்துக் கட்டிலுக்காரரு இப்பத்தான் கண்ணசந்தாரு.

— கையுறை போடலைன்னா குத்தம் உங்க மேல வருமுங்க. கவனக்குறைவுன்னு எழுதி வேலையை உட்டுத் தூக்கிப்போடுவாங்க.

— வேலையாமா, வேலை. இந்தக் கைய வெச்சுக்கிட்டு இனிச் சூளையில நான் என்ன, கும்மியா அடிக்கப் போறேன்? போற வேலை எப்பிடிப் போனா என்ன?

— நாச்சிமுத்து பாத்திருக்கறானே.

— பாத்தவன் அவன் ஒருத்தந்தான். அவன்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். என் மேல பிரியம் உள்ளவன், வாயத் தொறக்க மாட்டான்.

— நான் தொறப்பேன். ஆபீசர் வந்ததும் நடந்ததைச் சொல்லிப்போடுவேன்.

— சொல்லு. நான் இல்லைம்பேன். ரெண்டு பேருத்துல ஒருத்தன் புளுகன்னு ஆவும். எவன்னு அவங்க பாத்துக்கட்டும்.

— எதுக்குங்க இந்தப் பிடிவாதம்? என்ர பேரு கெட்டுப்போவும்னா? என்ர பேரு என்னங்க பெரிய பேரு?

— உன்ர பேருக்குந்தான். இல்லைங்கல. ஆனா அது மட்டுமில்லை மாப்ள. நீ கண்ணுசாமிய நெனச்சுப் பாரு.

— நெனக்காம இல்லீங்க.

— நீ கேட்டவன். நான் பாத்தவன். எமர்ஜென்சி வந்த வருசம். எண்ணெய் குடிச்ச சாக்கு, ஒரே ஒரு பொறிதான் உழுந்துச்சு. குப்புனு புடிச்சுச் சட்டைக்கு ஏறிருச்சு. அவன் ஓடுனான். ஓடாதடா, உழுந்து பொரளுடான்னு கத்தறோம், அவன் காதுல எங்க ஏறுது? கரட்டு மேட்டு வரைக்கும் தீ ஓடுச்சு மாப்ள. ஆளு ஓடலை, தீ ஓடுச்சு. அவன் காரியத்துக்கு நீ லீவு போட்டுட்டு வந்திருந்த. பந்தல்ல வெச்சு உன்ர கையப் புடிச்சுக் கேட்டேன். படிச்சுப் படிச்சு எதெதையோ கண்டுபுடிக்கறீங்களே, தீப்புடிக்காத துணி ஒண்ணைக் கண்டுபுடிச்சுத் தர மாட்டீங்களாடான்னு.

— அந்தக் கேள்விதானுங்க என்னைய இத்தனை தூரம் இழுத்துக்கிட்டு வந்துச்சு.

— கண்டுபுடிச்சுக் குடுத்த. இது வந்ததுக்கப்பறம் சூளையில ஒருத்தன் எரியலை. பொறி உழுந்தா மழைத்தண்ணி மாதிரி உதறிட்டுப் போறோம். இப்பப் போயிக் கையுறைதான் கைய வேக வெச்சுதுன்னு எழுதுனா, கம்பெனி என்ன பண்ணும்? நீ திருத்திக் கொண்டார வரைக்கும் பூசை பண்ணிக்கிட்டு உக்காந்திருக்குமா? அத்தனையும் மூட்டை கட்டி எறிஞ்சுட்டு, ஸ்டோர்ல கெடக்கற சாக்கை எடுத்து நீட்டும். இன்னொரு கண்ணுசாமி வேணுமா உனக்கு?

— வேண்டாமுங்க.

— என்ர கை ஒண்ணுதான போச்சு. அதும் முழுசாப் போவலை.

— ஒண்ணோட நிக்காதுங்க மாமா. இன்னிக்குச் சூளையில நிக்கறவங்க எல்லாரும் அதே கையுறையைத்தான் போட்டிருக்கறாங்க. அவங்களுக்கும் அது புகையாது. அவங்களும் துணியைப் பாத்துட்டுப் பல்லைக் கடிப்பாங்க. அது பத்தாதுன்னு வெளியூர் உலைக்காரங்களும் கேட்டிருக்கறாங்க. நூல் தயாராயிருச்சு. உள்துணி இல்லாத கையுறை ஒண்ணை அனுப்பி இதே மாதிரி வெட்டுங்கன்னு சொன்னதும் நானே.

— அப்ப ரகசியமா ஒரு வார்த்தை சொல்லி உட்டுரு. உள்ளுக்குக் கம்பளி வெய்யுங்கன்னு. காரணம் ஆரு கேக்கப் போறா?

— கேப்பாங்க மாமா. ஏன்னு கேப்பாங்க.

— ஆரு கேப்பாங்க? என்னத்தைக் கேப்பாங்க? மொதல்ல இந்தக் கஞ்சித் தூக்குப்போசியைப் புடி தம்பி, சுடுது.

— குடுக்கா.

— எத்தனை மணி வண்டிக்கு வந்த சாமி? கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. வராந்தாவுல இருந்தே உங்க ரெண்டு பேரு சத்தமும் கேக்குது. ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா?

— ராமாயி, இது எங்களுக்குள்ள பேச்சு. நீ இதுல தலையிடாத புள்ள.

— நான் எதுலங்க தலையிட்டேன்? கஞ்சி ஆறுது. வாயைத் தொறங்க.

— நானே குடிச்சுக்கறேன்.

— எந்தக் கையால? பீச்சாங்கையாலயா?

— ...சரி, ஊட்டு.

— அக்கா, மாமா விசாரணையில பொய் சொல்லியிருக்கறாரு. உனக்குத் தெரியுமா?

— தெரியும். எனக்கு முன்னாலதான் சொன்னாரு. மெதுவாங்க, பொரையேறுது.

— நீ ஒண்ணும் சொல்லலியா?

— கட்டின புருசன் ஆபீசர்கிட்டப் பேசறப்ப நடுவால பூந்து இல்லைங்கட்டுமா? கேட்டுக்க தம்பி, எனக்கும் வாயி இருக்குது. ஆனா அதைத் தொறக்க எனக்கு எந்த மொகமும் இல்லை. அவுத்தவ நானு.

— என்ன புள்ள ஒளர்ற?

— நீங்க பிடி நிக்கலைன்னீங்க. இவன் அவுத்துரு அக்கான்னான். கத்திரியைப் புடிச்சது இந்தக் கைதான? அத்தனை கையுறைக்கும் உள்ள இருந்த கம்பளியை உருவிப் போட்டுட்டு, புதுசாத் தையல் ஓட்டிக் குடுத்தது எங்கூட்டு மிசினு. கம்பளி வீணாப் போவக்கூடாதுன்னு ஒரு தலகாணிக்குள்ள அடைச்சுத் தெச்சேன். மெத்துனு இருக்கும்னு அதையத்தான் இங்க எடுத்தாந்தேன். உங்க தலைக்கு அடியில இருக்குது பாருங்க.

— இதுவா?

— அதுதான். மொத நாளு சாயங்காலம் உங்களைத் தூக்கிப் படுக்க வெச்சப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. கைக்கு இருக்க வேண்டியது தலைக்குக் கெடக்குதேன்னு.

— அக்கா, அது உன் குத்தமில்லை. நீயும் மாமாவும் தெரியாதவங்க.

— நீ தெரிஞ்சவன்தான? அப்ப ஏஞ்சாமி சரின்ன?

— அது வந்துக்கா... டெல்லிக்காரங்க பாக்க வாரதா இருந்துச்சு. கம்பளி இல்லாட்டி மெல்லிசா இருக்கும், வெரலு அழகா மடங்கும். மடக்கிக் காட்டுனா நல்லா இருக்கும்னு தோணுச்சு.

— அதுக்காவவா?

— அதுக்காவவும்.

— அட, அதுல என்ன? பொண்ணு பாக்க வாரப்ப பூ வெச்சு உடறதில்லையா? பெத்தவனுக்கு ஆசை இருக்காதா?

— நீங்க சித்தெ சும்மா இருங்க. இவன் செய்யறதெல்லாம் உங்களுக்குச் சரிதான். தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்த ஆபீசர் உன்னையக் கேட்டா என்ன சொல்லுவ?

— நெசத்தைச் சொல்லுவேன்.

— சொல்லுவயா?

— அதுக்குத்தான் வந்தேன்.

— மாப்ள, இங்க வா. கிட்ட வா. இந்தக் கை நல்ல கைதான, இதைப் புடி. கண்ணுசாமி பொண்டாட்டி மாரியாயி இன்னும் சூளைக்கு எதுத்தாப்புல கரண்டு ஆபீஸ் ரோட்டுல இட்டிலிக் கடை போட்டுக்கிட்டு இருக்கறா. அவ மூஞ்சியப் பாக்க முடியாம நான் சுத்திக்கிட்டுப் போவேன். இந்தத் துணி வந்த அன்னிக்குத்தான் அந்த வழியாப் போனேன். அதை என்கிட்ட இருந்து புடுங்கிப்போடாத.

— மாமா, கைய உடுங்க.

— சொல்ல மாட்டேன்னு சொல்லு.

— என்னைய இப்பிடிக் கட்டிப்போடாதீங்க.

— சொல்லு மாப்ள. உன்ர கிட்ட நான் வேற என்ன கேட்டிருக்கறேன்?

— ஏனுங்க, உடுங்க அவனை. ஆரோ வாராங்க பாருங்க.

— என்ன செல்லமுத்து, இன்னிக்குப் பரவாயில்லையா? நேத்தைக்கு இப்ப முகம் தெளிஞ்சிருக்கு.

— வாங்க சார். இருக்கறேனுங்க. இது எங்கூட்டுக்காரி, நேத்துப் பாத்தீங்க. இது அவ தம்பி மருதாசலம்.

— மருதாசலமா? மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ற டாக்டர் சாரா? பாருங்க, உங்களுக்குத்தான் கடுதாசி எழுதணும்னு காலையில சொல்லிக்கிட்டிருந்தேன். நேர்லயே வந்துட்டீங்க. நான் வீரபாகு, லேபர் ஆபீசர்.

— வணக்கமுங்க. உக்காருங்க.

— இருக்கட்டும் சார். பாருங்க, நான் சுத்தி வளைக்கலை. கையுறையை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். சூளை வாயிலேர்ந்து பொறுக்கினது. ஒரு கறுப்பு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. செல்லமுத்துவும் போடலேன்னுதான் சொல்றார். ரெண்டும் ஒத்துப்போகுது. ஆனா எனக்கு மனசு ஒப்பலை.

— என்னங்க ஒப்பலை?

— இவர் கையுறை போடாம சூளைப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. அதான். நீங்க செஞ்ச துணி, நீங்கதான் சொல்லணும். துணிக்கு ஒண்ணும் ஆகாம உள்ளே இருக்கிற கை மட்டும் வேகறதுக்கு வழி உண்டா?

— மாப்ள.

— செல்லமுத்து, நீங்க இருங்க. சாரைக் கேக்கறேன். பாருங்க சார், வழி உண்டுன்னு நீங்க சொன்னா, சாயங்கால ஷிப்டுக்கு முன்னால எல்லாக் கையுறையையும் திரும்ப வாங்கிடுவேன். இல்லேன்னா வழக்கம்போலக் குடுத்துடுவேன். இவரைத் திரும்பக் கேட்டுப் பார்க்கத்தான் இவ்வளவு அவசரமா வந்தேன், நீங்களே இருக்கீங்க.

— திரும்ப வாங்கிட்டு அவங்களுக்கு எதைக் குடுப்பீங்க?

— வேற என்ன இருக்கு? பழைய சாக்குதான். ஸ்டோர்ல கட்டுக் கட்டாக் கிடக்கு.

— கேட்டுக்கிட்டயா மாப்ள?

— கேட்டேனுங்க.

— டாக்டர் சார்?

— அந்தக் கையுறையைக் காட்டுங்க.

— இந்தாங்க.

— ...சூடு பட்ட அடையாளம் இதுல எதுவும் இல்லீங்க.

— அது எனக்கே தெரியுது சார். நான் கேட்டது வேற.

— அது வந்துங்க... அடையாளம் இல்லைன்னா, போடலைன்னுதான் எடுத்துக்கோணுங்க.

— நிச்சயமா?

— ஆமாங்க.

— அப்படியே எழுதிக்கலாமா? உங்க பேர் போட்டு?

— எழுதிக்குங்க.

— அப்பாடா. நல்லவேளை. பாருங்க, நேத்துலேர்ந்து எனக்குச் சரியாச் சோறு இறங்கலை. படிக்கிறேன், கேளுங்க. ‘கையுறையைப் பார்வையிட்டேன். வெப்பத்தினால் ஏற்பட்ட சேதம் எதுவும் துணியில் காணப்படவில்லை. எனவே விபத்து நேர்ந்தபோது தொழிலாளி இதை அணிந்திருக்கவில்லை என்பதே என் கருத்து. இக்கையுறைகளைத் தொடர்ந்து பயன்படுத்துவதில் தடை ஏதும் இல்லை.’ சரிங்களா?

— கடைசி வரி நான் சொல்லலீங்களே.

— அதுக்குத்தானே சார் கேட்டதே. வேண்டாமா?

— இருக்கட்டும்ங்க.

— இங்க ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

— நல்ல புள்ள நீ மாப்ள. போட்டுரு.

— பேனா குடுங்க.

— சார், அந்தக் கையுறையை ஒருக்கா இப்பிடிக் குடுங்க.

— ஏ புள்ள, உனக்கெதுக்கு அது?

— பாக்கறேனுங்க. நான் தெச்சதுதான? தம்பி, நீ பேனாவைக் கீழ வெய்யி.

— அக்கா...

— வெய்யின்னேன். சார், இதை வெட்டித் தெச்சவ நானு. இந்தத் துணியில நூலு நேரா ஓடாதுங்க. சாய்ஞ்சு சாய்ஞ்சு வரி உழுந்திருக்கும். இளம்பிள்ளை ஊருத் தறியில அப்பிடிச் சொல்லி நெய்ய வெச்சாங்க. வெட்டறப்பக் கத்திரி அந்தச் சாய்வோடயே வழுக்கிக்கிட்டுப் போவும். பெருவெரலுக்கு அடியில ரெண்டு துண்டும் சேர்ற எடத்துல தையல் மொத்தமா நிக்கும். கம்பளியை உருவுனதுக்கப்பறம் நான் மேல ஓட்டுனது. தடவிப் பாருங்க.

— ஆமா, தெரியுது. இதை எதுக்கும்மா சொல்றீங்க?

— காலையில நர்சம்மா கட்டு மாத்துச்சுங்க. கொப்புளத் தோலை எடுக்கறப்ப இவரு தாங்க மாட்டாம மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நாந்தான் போசியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்குத் திருப்பிக்க முடியலை.

— ராமாயி, வேண்டாம். அவன் உன்ர தம்பி.

— சூளையில நிக்கறவனுக்கும் அக்கா இருப்பாளுங்க. நர்சம்மாவைக் கூப்புட்டுக் கட்டை அவுக்கச் சொல்லுங்க சார். இந்தத் துணியோட வரி அத்தனையும் இவரு உள்ளங்கையில உழுந்து கெடக்குது, நான் போட்ட தையலு மொதக்கொண்டு.